பாய்மரத்துக்கும் ஒரு புள்ளிக் கணக்கு

போன கோடை விடுமுறைக்குத் தங்கச்சி மகள் பள்ளத்தூர் வந்திருந்தாள். பதினோரு வயது. மத்தியானம் முழுக்க வளவில் உட்கார்ந்து அவள் அம்மாவின் போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னைப் பெண் நேத்ரா குமணன், ஒற்றையாளாக ஒரு சின்னப் படகில், முதுகு தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வெளியே சாய்ந்து, பாயின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகிறார். சாயங்காலம் காபி குடிக்கிற நேரத்தில் வந்து கேட்டாள்.

"அம்மான், இது நம்ம கண்மாயில ஓடுமா?"

சிரித்துவிட்டேன். சித்திரை மாதத்துக் கண்மாய் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஒரு குட்டை, அதில் நாலு எருமை. மிச்சமெல்லாம் வெடித்த மண்ணும் கருவேல முள்ளும்தான்.

அவள் விடவில்லை. "சரி, அந்த அக்கா பாய்ல இங்கிலீஷ்ல ஐ, என், டின்னு மூணு எழுத்து இருக்கே, அதை யாரு போட்டுக் குடுப்பா? கடையில விப்பாகளா?"

இதற்குச் சிரிக்க முடியவில்லை. எழுத்தைக் கடையிலேயே வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த எழுத்தோடு சர்வதேசப் போட்டிக்குப் போய் நிற்கும் உரிமை வேறு ஓர் இடத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தின் பெயர் யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. பாய்மரப் படகு விளையாட்டுக்கு இந்தியாவின் தேசியச் சங்கம். 1960-ல் தொடங்கியது, தலைமையகம் டெல்லி. கடல் இல்லாத டெல்லியில் ஏன் என்று கேட்டால், விளையாட்டு அமைச்சகமும் ஒலிம்பிக் சங்கமும் அங்கேதானே இருக்கின்றன.

அதே 1960-ல் இன்னொரு தேசியச் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். செட்டிநாட்டு அரச குடும்பத்து எம்.ஏ.சிதம்பரம் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவரானது அந்த ஆண்டில்தான். சேப்பாக்கம் மைதானத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர். பின்னால் அவர் மகன் ஏ.சி.முத்தையாவும் அதே நாற்காலிக்குப் போனார். ஆக, விளையாட்டை விடச் சங்கத்தை நடத்துவது பெரிய விளையாட்டு என்பது செட்டிநாட்டுக்குத் தெரியாத சங்கதி அல்ல. பாய்மரச் சங்கம்தான் நமக்குப் பழக்கம் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். தமிழ்ப் பத்திரிகைகள் தண்ணீரில் நடக்கும் எல்லாவற்றையும் 'படகுப் போட்டி' என்று ஒரே பானையில் போட்டுவிடுகின்றன. துடுப்புப் போட்டு ஓட்டும் ரோயிங்குக்குத் தனிச் சங்கம். கயாக், கேனோ இரண்டுக்கும் சேர்த்து வேறொரு சங்கம். அலைமேல் பலகையில் நின்று போகும் சர்ஃபிங்குக்கும் தனிச் சங்கம். காற்றால் மட்டும் ஓடும் படகுகள், பாய் கட்டிய பலகைகள், இவையே யாட்டிங் சங்கத்தின் பொறுப்பு. துடுப்பை எடுத்துப் போட்டாலே குற்றம். உடம்பை ஆட்டி, பாயைத் திரும்பத் திரும்ப விசிறிப் படகைத் தள்ளுவதற்கும் தடை உண்டு. காற்று இல்லையென்றால் கரையில் கொடியை ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். 1896 ஏதென்ஸில், நவீன ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்திலேயே, இந்தப் போட்டி மோசமான வானிலையால் நடக்காமல் போனது. 1900-ல் பாரிஸில்தான் முதன்முதலில் நடந்தது.

'யாட்' என்றதும் கோடீஸ்வரர் கப்பலும் மேல்தளத்தில் குளிர்பானமும் கண்ணில் வருவதும் ஒரு தொல்லை. அந்தச் சொல் டச்சுக்காரர்களுடையது, வேட்டை என்று பொருள். கொள்ளையரை விரட்ட அவர்கள் வைத்திருந்த வேகமான சின்னப் படகுக்கு வந்த பெயர். உலகச் சங்கமே அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டது. 1907-ல் சர்வதேச யாட் பந்தய ஒன்றியமாகப் பிறந்து, 1996-ல் பெயர் மாற்றி, 2015-லிருந்து வேர்ல்டு செய்லிங் என்று எளிதாக நிற்கிறது. நம் சங்கம் இன்னும் பழைய பெயரைத்தான் சுமக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டே பாதிப்பேர் இது நமக்கானது இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, தேசியச் சங்கம் என்ன செய்கிறது? விதிப்புத்தகத்தில் அதற்கு 'தேசிய அதிகாரம்' என்று ஒரு தகுதி இருக்கிறது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை உலகச் சங்கம் பந்தய விதிகளைத் திருத்தி வெளியிடும். இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. ஒவ்வொரு நாட்டின் சங்கமும் அதில் சில இடங்களில் தன் நாட்டுக்கென்று கூடுதல் விதி சேர்த்துக்கொள்ளலாம். நடுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தரம் பிரிப்பது, தேசியப் போட்டியை எந்தத் தண்ணீரில் எப்போது நடத்துவது என்று முடிவெடுப்பது, வெளிநாட்டுப் போட்டிக்கு யார் பெயரை அனுப்புவது என்று தேர்வு செய்வது, எல்லாம் அதன் வேலை. இவற்றுக்கு நடுவே அதிகம் பேசப்படாத, எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. மேல்முறையீடு.

சில வருஷங்களுக்கு முன் சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு பந்தயத்தைக் காவல் படகில் இருந்து பார்த்தேன். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். அதனால் படகுகள் ஒன்றை ஒன்று குறுக்கே சந்தித்துக்கொண்டே இருக்கும். வலப் பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழி உரிமை, இடப் பக்கம் வாங்கும் படகு விலக வேண்டும். அன்றைக்கு இரண்டு பையன்கள் நேருக்கு நேர் வந்தார்கள். உரிமை உள்ளவன் "ஸ்டார்போர்ட்!" என்று கத்தினான். மற்றவன் விலகுவான் என்று பார்த்தால், கடைசி நொடிவரை இழுத்துவிட்டுத்தான் திருப்பினான். அதற்குள் முதல் பையன் சுக்கானைத் தள்ளித் தப்பிக்க வேண்டியதாயிற்று. "ப்ரோட்டெஸ்ட்!" என்று அடுத்த கத்தல். நடுவர் படகு பக்கத்தில் இல்லை. காவல் படகில் இருந்த எங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தப்பு செய்த பையன் ஐந்தாறு நொடி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு படகை ஒதுக்கி, இருந்த இடத்திலேயே இரண்டு முழு வட்டம் சுற்றினான். அதற்குள் நாலு படகு அவனைக் கடந்து போய்விட்டது. அவன் முகம் சுண்டிப் போயிருந்தது, ஆனால் கரைக்கு வந்ததும் இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள்.

இந்த விளையாட்டின் அடித்தளம் அதுதான். விசில் ஊத ஆள் கிடையாது. தப்பு செய்தவன் தானே தண்டனையை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் மற்றவன் கரைக்கு வந்து எழுத்தில் புகார் கொடுப்பான். ஒரு அறையில் குழு உட்காரும். இரண்டு தரப்பும் சாட்சியும் வரும். மேஜைமேல் தீப்பெட்டி அளவு பொம்மைப் படகுகளை நகர்த்தி, காற்று இந்தப் பக்கம், நான் இங்கே, அவன் அங்கே என்று விளக்குவார்கள். குழு முதலில் 'நடந்தது இது' என்று எழுதும், பிறகு விதிப்படி தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பில் குறை இருந்தால் தேசியச் சங்கத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் 'நடந்தது இது' என்று குழு எழுதியதை மேலே போய் மறுக்க முடியாது. விதியைச் சரியாகப் பொருத்தினார்களா, முறைப்படி விசாரித்தார்களா என்பதை மட்டுமே சங்கம் பார்க்கும். நடந்ததை உள்ளூரில் இருப்பவன்தான் அறிவான், சட்டத்தை மேலே இருப்பவன் சொல்லட்டும் என்ற ஏற்பாடு. எங்கள் ஊர் நகரத்தார் கூட்டத்தில் வயசாளிகள் ஒரு வழக்கைக் கேட்டு முடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நகரத்தார் கணக்கை வைத்தே சங்கத்தின் அமைப்பையும் சொல்லிவிடலாம். எங்களில் கல்யாணம் ஆனவன்தான் ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று போகும் ஒன்பது கோவில்களில் அவன் எந்தக் கோவிலோ அங்கிருந்து கல்யாணத்துக்கு மாலை வரும், பெயர் கணக்கில் ஏறும். அப்புறம்தான் புள்ளி வரி, பங்கு, பேச்சு எல்லாம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கோவில் இல்லாமல் புள்ளி கிடையாது.

யாட்டிங் சங்கத்தில் புள்ளி என்பது பெரும்பாலும் கிளப். நம் பக்கத்துக் கபடி, கால்பந்துச் சங்கங்களில் மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், அதற்குமேல் தேசியச் சங்கம் என்று கோபுரம் மாதிரி அடுக்கு இருக்கும். பாய்மரத்தில் அந்த அடுக்கு வளரவில்லை. படகும் தண்ணீரும் மீட்புப் படகும் வைத்திருக்கும் கிளப்புகள், ராணுவத்தின் மூன்று படைகளின் மையங்கள், குறிப்பிட்ட படகு வகைக்கென்று இருக்கும் வகைச் சங்கங்கள், இவற்றின் கூட்டுதான் அது. தனி ஆள் ஒருவர் நாளைக்கே படகு வாங்கி ஓட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பந்தயத்தில் இறங்கித் தரவரிசையில் பெயர் வர வேண்டுமென்றால் ஒரு கிளப் வழியாகத்தான் வர வேண்டும்.

கிளப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் வரலாறே தெரிந்துவிடும். பம்பாயில் 1846 முதல் ராயல் பாம்பே யாட் கிளப். சென்னையில் 1911-ல் துறைமுகக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னின்று தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். வெள்ளைக்கார அதிகாரிகள் துறைமுக வேலை முடிந்து சாயங்காலம் பாய் விரித்த இடங்கள் இவை. சுதந்திரத்துக்குப் பிறகு அதிகாரிகள் கப்பலேறிப் போனார்கள், படகுகளும் பழக்கமும் கடற்படையிடமும் தரைப்படையிடமும் வந்து சேர்ந்தன. சங்கத்தின் தலைமையில் நெடுங்காலம் கடற்படை உயர் அதிகாரிகளே இருந்தார்கள். தொண்ணூறுகளில் கேல் ரத்னா விருது வாங்கிய ஹோமி மோதிவாலா, பி.கே.கார்க் இருவரும் கடற்படைக்காரர்கள். மும்பையில் தரைப்படைக்கு ஒரு யாட்டிங் மையம், கடற்படைக்கு ஒன்று. செகந்திராபாத்தில் தரைப்படையின் பொறியியல் பிரிவு ஹுசைன் சாகர் ஏரியில் படகு ஓட்டுகிறது.

இதைக் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஒலிம்பிக் வகைப் படகும் பாயும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் வருவதும் ஒரு குடும்பத்தை மொட்டையடித்துவிடும். படையில் சேர்ந்த பையனுக்குச் சம்பளம், சாப்பாடு, பயிற்சியாளர், படகு எல்லாம் கிடைக்கிறது. வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் அந்த வழியில் வந்தவர்தான். அவர் அப்பாவும் ராணுவத்தில் படகு ஓட்டியவர். 2019-ல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். படை என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்தியப் பாய்மரம் அறுபதுகளிலேயே நாலு பணக்காரர் பொழுதுபோக்காகச் சுருங்கியிருக்கும்.

மறுபக்கமும் இருக்கிறது. கிளப்பே புள்ளி என்றால், கிளப் இல்லாத ஊர் கணக்கிலேயே வராது. இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு முதலில் போனது 1972 மியூனிக்கில். அதற்குப் பிறகு பல ஒலிம்பிக்குகளில் ஒரே ஒரு படகு, சிலவற்றில் அதுவும் இல்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதல் தடவையாக மூன்று படகு, நாலு பேர். விஷ்ணு, நேத்ரா, இரட்டையர் படகில் கே.சி.கணபதியும் வருண் தாக்கரும். நாலு பேரும் தமிழ்நாடு. நேத்ரா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை. விஷ்ணு 20-ஆவது இடம், இரட்டையர் 17, நேத்ரா 35. 2024 பாரிஸில் விஷ்ணு 18, நேத்ரா 21. பதக்கம் இல்லை என்பதால் நம் டிவிக்காரர்கள் இரண்டு வரியோடு முடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் ஒரு பெண் 35-லிருந்து 21-க்கு ஏறியிருக்கிறார் என்று யாரும் நிறுத்திச் சொல்லவில்லை.

"தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை, அதான் நாலு பேரும் நம்மாளு" என்று காரைக்குடியில் ஒரு நண்பர் பெருமைப்பட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணபதி, வருண், நேத்ரா மூவரும் சென்னை, விஷ்ணு ராணுவம். தொண்டியிலிருந்தோ கோட்டைப்பட்டினத்திலிருந்தோ இராமேஸ்வரத்திலிருந்தோ ஒருவரும் அந்த நாலு பேரில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டரும் உதவவில்லை. சென்னைத் துறைமுகச் சுவருக்குள் அடங்கிய ஒரு துண்டுத் தண்ணீரும் அதன் கரையில் இருக்கும் கிளப்பும் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும்தான் உதவின.

நம்பாவிட்டால் மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். ஒரு அடி கடற்கரை கிடையாது. ஆனால் போபாலில் பெரிய ஏரி இருக்கிறது, பதினோராம் நூற்றாண்டில் ராஜா போஜன் வெட்டியது என்பார்கள். அதன் கரையில் ஒரு பாய்மரப் பள்ளியை நடத்தினார்கள். 2018 ஆசிய விளையாட்டில் அந்த மாநிலத்து ஹர்ஷிதா தோமர் வெண்கலம் வாங்கினார். 2023-ல் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள் நேஹா தாக்கூர் வெள்ளி வாங்கினார். ஹுசைன் சாகரும் குத்ப் ஷாகி காலத்தில் கட்டிய ஏரிதான். இரண்டும் நம் கண்மாய் மாதிரி மனிதன் அணை போட்டுத் தேக்கிய தண்ணீர், அளவுதான் வேறு. மருமகள் கேட்ட கேள்வி நான் சிரித்த அளவுக்குச் சிறுபிள்ளைத்தனமானது இல்லை என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்தான்.

ஆனாலும் நம் கண்மாய்க்கு ஒரு சிக்கல் உண்டு. சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகு ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம்தான், 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வீட்டிலேயே அப்பாக்கள் பிளைவுட் வெட்டிச் செய்யும்படி வரைந்தது. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அடியில் இறக்கும் பலகை தரை தட்டாமல் இருக்க நல்ல ஆழம் வேண்டும், காற்று தடையில்லாமல் வர விரிந்த பரப்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை பொய்க்காமல் பெய்தால் தை, மாசி வரைக்கும் நம்மிடம் அது இருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை விடும்போது தண்ணீர் இருக்காது. நாட்டரசன்கோட்டையிலிருந்து தேவகோட்டை வரைக்கும் எந்தக் கண்மாயை எடுத்தாலும் இதே கதைதான்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிக்கெட் வாரியம் அரசிடம் கை நீட்டாது, டிவி உரிமையே போதும். பாய்மரத்தை யார் டிவியில் பார்க்கிறார்கள்? கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளைப் புள்ளிகள், யார் முன்னால் போகிறார்கள் என்றுகூடத் தெரியாது. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போட்டு, குறைந்த கூட்டுத்தொகைக்காரர் வெல்லும் கணக்கு வேறு. ஆகவே சங்கம் விளையாட்டு அமைச்சகத்தின் உதவியை நம்பித்தான் ஓட வேண்டியிருக்கிறது. அந்த உதவிக்கு அங்கீகாரம் வேண்டும். 2011-ன் விளையாட்டு விதித் தொகுப்பு நிர்வாகிகளின் பதவிக்காலத்துக்கும் வயதுக்கும் வரம்பு போட்டது. 2025-ல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமே வந்துவிட்டது. அங்கீகாரம் கொடுக்க ஒரு வாரியம், சண்டைகளைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம், செயற்குழுவுக்கு 15 பேர் என்ற உச்சவரம்பு, அதில் விளையாடியவர்களுக்கும் பெண்களுக்கும் கட்டாய இடம். கிளப்புகளின் கூட்டாக வளர்ந்த ஒரு சங்கம், மாநிலம், மாவட்டம் என்று அடுக்கை எதிர்பார்க்கும் அரசாங்கச் சட்டைக்குள் உடம்பை நுழைக்கும்போது எங்காவது தையல் விடத்தான் செய்யும்.

ஒலிம்பிக் இடமும் இந்த இடத்தில் வந்து மாட்டுகிறது. ஒரு வகைப் படகுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரு படகுதான். உலகப் போட்டியில் ஒருவர் தகுதி வாங்கிக் கொடுத்தாலும் அந்த இடம் நாட்டுக்குச் சொந்தம். அதில் யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது தேசியத் தரப்பு. 2024 ஜனவரியில் அடிலெய்டில் விஷ்ணுவும், ஏப்ரலில் பிரான்ஸின் இயேரில் நேத்ராவும் வாங்கிய இடங்களில் அவர்களே போனார்கள். போட்டியாளர்கள் பெருகும்போதுதான் இந்த அதிகாரத்தின் கனம் தெரியும்.

விடுமுறை முடியும் முன் மருமகளைத் தொண்டிப் பக்கம் கூட்டிப் போனேன். அந்தக் கரையில் நம்புதாளை போன்ற ஊர்களில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவார்கள். மீன்பிடிக்க எல்லாரும் எஞ்சினுக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு நாளைக்காகப் பாயைத் தைத்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று போட்டி இல்லை. கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தெக்க சோழகம், மேக்க கச்சான், வடக்க வாடை, கெழக்க கொண்டல். காத்துப் பேரு தெரியாம பாயைத் தொடப்புடாது தாயி" என்றார் அவளிடம். படகின் குறுக்கே வெளியே நீட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். காற்று அழுத்திப் படகு சாயும்போது ஆள் அந்தப் பலகையில் ஏறி வெளியே போய் உட்கார்ந்து எதிர்ப்பாரம் கொடுப்பார். காற்று ஏற ஏற இன்னும் தள்ளிப் போவார், இன்னொருவரும் ஏறுவார். பலகையின் நுனி உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று தேய்ந்திருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த அக்காவும் இப்படித்தானே அம்மான் வெளிய சாயுது?"

அதேதான். நேத்ராவின் படகில் பலகை இல்லை, உள்ளே ஒரு பட்டையில் காலை மாட்டிக்கொண்டு சாய்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான். பாக் நீரிணைக் காற்றை மூன்று தலைமுறையாகப் படித்தவருக்கு யாட்டிங் சங்கத்தின் புள்ளிக் கணக்கில் ஏன் இடமில்லை? யாரும் கதவைச் சாத்தவில்லை. அந்த விளையாட்டு, படகுகள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் நடக்கிறது. நேத்ரா ஓட்டும் ஐ.எல்.சி.ஏ. என்ற ஒற்றையாள் படகு வகையில் உலகம் முழுக்க ஒரே உடல். பாய் மூன்று அளவு, ஏறக்குறைய 4.7, 5.8, 7.1 சதுர மீட்டர். நேஹா தாக்கூர் ஆசிய விளையாட்டில் ஓட்டியது சின்னது, நேத்ராவுடையது நடு அளவு, விஷ்ணுவுடையது பெரியது. ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலும் அளவுக்காரர் பிடித்துவிடுவார். தொண்டிக் கரையில் ஆசாரிக்கு ஆசாரி படகு மாறும், பாயைக் கட்டுகிறவர் கைக்கு ஏற்பத் தைப்பார். வகை விதி, அளவுச் சான்றிதழ், எழுத்துப் புகார் எதுவும் அங்கே கிடையாது. பரிசுப் பணத்தை ஊர்ப் பெரியவர்கள் கொடுப்பார்கள், சண்டை வந்தால் அங்கேயே தீர்ப்பார்கள். அதை ஒரு வகையாக எழுதி, நாலு ஊர் சேர்ந்து ஒரு வகைச் சங்கமாகப் பதிந்தால் பேச்சைத் தொடங்கலாம். வேண்டாம், எங்கள் திருவிழா எங்களோடு இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு சிறுவர் கிளப் இருந்து, பத்து ஆப்டிமிஸ்ட் படகும் ஒரு மீட்புப் படகும் இருந்தால், பயிற்சியாளரைச் சென்னையிலிருந்து தேட வேண்டியதில்லை. காற்றைச் சொல்லிக் கொடுக்க வலை பின்னுகிறவரே போதும்.

திரும்பும் வழியில் தேவகோட்டையில் டீக்கு நிறுத்தினோம். அவள் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆப்டிமிஸ்ட் படகில் 15 வயது ஆகும் வருஷம் வரைதான் போட்டிக்கு அனுமதி. அவளுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. சென்னையில் அடுத்த கோடைக்குச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் நீச்சல் தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

"நம்ம ஊருணியில எப்ப அம்மான் தண்ணி வரும்?" என்றாள்.

"மழை பேஞ்சா ஐப்பசியில" என்றேன். காகிதத்தின் மேல் 'ஐப்பசி' என்று எழுதிக் கோடு போட்டுக்கொண்டாள்.